சிவப்பு நீலமான கதை

மாண்ட்ரியலின் லாசால் பகுதியில் ஒரு மூலைக்கடை. காப்பிக்காக நிற்கிறேன். வர்ஜீனியாவிலிருந்து கார் ஓட்டிவந்த களைப்பில் தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்து நான்கு நாளாகியும் கடைத் தொலைக்காட்சியில் அதே வரைபடம்தான். எத்தனையோ தேர்தல்களாகக் குடியரசுக் கட்சியின் சிவப்பாகவே இருந்த எங்கள் புறநகர் மாவட்டம் இம்முறை ஜனநாயகக் கட்சியின் நீலம். யாழ்ப்பாணத்துக்காரரான கடைக்காரருக்கு அதைத் தொட்டுக் காட்டுகிறேன்.

“உங்கட ஆக்கள் மனம் மாறிட்டினமோ, அண்ணை?”

“மாறிட்டாங்க” என்கிறேன், ஏதோ நானே மாற்றியதுபோல.

“இல்லாட்டி ஆக்களே மாறிட்டினமோ? எங்கட தெருவிலை பழைய சனம் வீட்டை வித்துப்போட்டுப் போயிட்டுது.”

காப்பியை ஊதுகிறேன். வெளியே இந்த வருடத்தின் முதல் பனி விழ ஆரம்பிக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வருகிறார். தேர்தல்தோறும் புல்வெளியில் சிவப்புப் பலகை நடுவார். குளிர்காலத்தில் தன் வாசலோடு என் வாசல் பனியையும் தள்ளிவிடுவார். அவர் மனம் மாறவே இல்லை. கோடையில் வீட்டை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவன் என் மைத்துனன். பனியைக் கண்டால் போர்வைக்குள் போய்விடுவான். இனி இரண்டு வாசல் பனியையும் நான்தான் தள்ள வேண்டும்.