சாவு சேதிக்கு ஒரு வெப்சைட்

அன்னாள் நெய்வேலி டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை பார்ப்பவர். சுரங்கத்துக்காக அவருடைய ஊர் காலியாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. சனங்கள் ஆளுக்கொரு பக்கம் குடியேறிவிட்டார்கள். ஊருக்கென்று ஒரு வெப்சைட் தொடங்குவதற்காக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டவுன்ஷிப் மாதா கோயில் வளாகத்தில் அவர்களில் சிலர் கூடினார்கள். அதில் என்ன போடலாம் என்று கேட்டார் கம்ப்யூட்டர் வேலை தெரிந்த கிளமென்ட்.

"பழைய கோயில் படம், தேர்பவனி படம்," என்றார் பெரியவர் அமிர்தநாதன்.

"படம் எல்லார் வூட்லயும் தொங்கிக்கினுதான் இருக்குது, அண்ணே," என்றார் அன்னாள். "எங்க அக்காளுக்கு மண்ணு போட்டு எட்டு நாள் கழிச்சுத்தான் எனக்குச் சேதி வந்துச்சு. என் நம்பரு மாறினது அங்க யாருக்கும் தெரியல. சாவு சேதி சொல்றதுக்குன்னு இது இருக்கட்டும்."

"மொதப் பக்கத்துலயே சாவா? வெளங்கிடும்!" என்றார் அமிர்தநாதன்.

"நீங்க போனா யார் யாருக்குச் சொல்லணும்? இப்பவே சொல்லுங்க, கிளமென்ட் எழுதிக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். அமிர்தநாதன் வீம்புக்கு விரல் மடக்கினார். பெரிய மகள் பண்ருட்டியில், மச்சான் பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில். மூன்றாவது விரலில் நின்றுவிட்டார்.

"தம்பி திருப்பூர் பக்கம்னு சொன்னாங்க. எங்கன்னு தெரியலயே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

சுற்றி இருந்தவர்களும் மனதுக்குள் தங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். படப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

"கிளமென்ட், மொதல்ல அவரு தம்பி பேர எழுதுப்பா," என்றார் அன்னாள். "உசுரோட இருக்கும்போதே தேடலாம்."