அளந்தால் ஏறிவிடும் ரத்த அழுத்தம்

எங்கள் வீட்டில் குவாண்டம் இயற்பியல் படித்தவள் நான். அதில் மேதை என் வீட்டுக்காரர். சைகோனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்திப் பிழைக்கிறேன். அவரோ டான் சோன் நாட் விமானநிலையத்தில் சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே பிரபஞ்ச ரகசியங்களை அவிழ்த்துவிடுவார்.

அவருக்கு பி.பி. எக்கச்சக்கம், தினமும் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதும் மெஷின் வாங்கி வந்தேன். கையை நீட்டச் சொன்னால் சிரிப்பார்.

“அளந்தாலே மாறிடும்னு நீதானே சொன்ன? பட்டையக் கட்டினா அது பயந்துபோய் ஏறிடும். சும்மா வுட்டா ஒழுங்கா இருக்கும்.”

“ஏங்க, அது எலெக்ட்ரானுக்குச் சொன்னதுங்க! காலங்காத்தால ஃபோ நூடுல்ஸ் சூப் வாங்கி, அதுல கரண்டி கரண்டியா மீன் சாஸ் ஊத்திக் குடிக்கிற மனுஷனுக்கு இல்ல!”

“எனக்குள்ளயும் எலெக்ட்ரான்தானே இருக்கு?”

ஆகா! மேதையோடு குடித்தனம் பண்ணுவது லேசுப்பட்ட காரியமா? மெஷின் அலமாரியில் தூங்கியது.

“திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா என்னங்க பண்ணுவேன்?” என்று ஒருநாள் அழாத குறையாகக் கேட்டேன். அதற்கும் என் பாடத்திலிருந்தே பதில் எடுத்தார்.

“ஒண்ணுக்கொண்ணு பிணைஞ்ச ஜோடித் துகள்னு சொல்லுவியே, நாம அதுதான். எனக்கு ஒண்ணுன்னா, நீ எங்க இருந்தாலும் அந்த நொடியே ஒனக்குத் தெரிஞ்சுடும்.”

அவர் விழுந்த அன்று வகுப்பில் அதே பாடம்தான். ஜோடியில் ஒன்றை இங்கே அளந்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மற்றதன் விடை அதோடு ஒத்துப்போகும், ஆனால் அதை வைத்து ஒரு சேதிகூட அனுப்ப முடியாது என்று விளக்கினேன். சேதி சொல்லப் போன்தான் வேண்டும் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வகுப்பு முடிந்து போனை எடுத்தால் விமானநிலையத்திலிருந்து அத்தனை அழைப்புகள். சரக்குக் கொட்டகையில் அவர் சுருண்டு விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் குழறிக் குழறிக் கேட்டார்.

“ஒனக்கு... தெரிஞ்சுதா?”

பாவி மனுஷன்! தெரிஞ்சுது என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது.

“ஒண்ணுமே தெரியலங்க. நீங்க விழுந்தப்போ நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

அவர் அசைகிற கையை என் பக்கம் நீட்டினார்.

“அப்ப... பட்டையக் கட்டு.”