கடல் நுரை என்று சொல்லிவிட்டேன்

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் எங்கள் பழைய சாமான் கடை. கம்பெனி வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகிற கட்டில், அலமாரி, ஃபேன் எல்லாம் எங்களிடம் வரும். புதிதாக ரூம் எடுக்கிற தென்மாவட்டத்துப் பிள்ளைகள் அதை வாங்கிப்போவார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் கடையில் பேசுகிறேன். "அது வியாபாரம் பண்ல, பேசிக்கினு கீது" என்று அவர் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பொய்யில்லை. ஒன்றும் விற்காத நாளில்கூட யாராவது நல்ல பேச்சு ஒன்றை விட்டுப்போனால் எனக்கு அன்றைக்குக் கல்லா நிறைந்த மாதிரிதான்.

அப்படி ஒரு காலையில் வடக்குப்பட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரகடத்து அடுக்குமாடி ஒன்றில் ஒரு ஜெர்மன்காரருக்குப் பல வருடம் சமைத்துப் போட்டவள். அங்கே சாமான் எடுக்கப் போனபோது அவளைப் பார்த்திருக்கிறேன். பைக்குள்ளிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, நான் வெலை கேக்க வரல. இது நல்ல பொருளா, குப்பையா? அத்த மட்டும் சொல்லு."

பெட்டிக்குள் வெல்வெட் துணியில் அச்சு அசலாக வெட்டிய பள்ளம். அதில் ஒரு சுங்கான் படுத்திருந்தது. வெள்ளைக்காரர்கள் புகையிலை அடைத்துப் பிடிக்கிற குழாய். புகையிலை போடுகிற கிண்ணம் ஒரு முட்டை. அந்த முட்டையைக் கழுகுக்கால் ஒன்று நகத்தால் கவ்விப் பிடித்திருக்கிற மாதிரி செதுக்கியிருந்தார்கள். அடியில் பனைவெல்லப் பாகு நிறம். மேலே போகப் போக வெளுத்து, விளிம்பில் தேன் நிறம்.

"காலி பண்ணிக்கினு போறப்ப டிரைவருக்கு டிவி குடுத்தாரு. வாட்ச்மேனுக்கு சைக்கிளு. எனக்கு இது" என்றாள். "டிரைவரு இன்னா சொல்றான் தெரியுமா? 'எங்களுக்கு சாமான் குடுத்தாரு, உனக்கு எச்சில குடுத்துட்டுப் போய்ட்டாரு'ன்றான். வாட்ச்மேன் அண்ணன் அதுக்கும் மேல. 'பல்லக் கழட்டிக் குடுக்காம போனாரே, அது வரிக்கும் லாபம்'ன்றாரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காத அக்கா. அவரு ஜொரத்துல படுத்துக்கினு இருந்தப்ப கஞ்சி காச்சி ஊத்துனவ நானு. உப்பு பாத்த கரண்டிய ஒரு நாளு திருப்பிக் கொழம்புல போட்டது இல்ல, அவருக்குத் தெரியாதுன்னாலும். அப்படியாப்பட்டவளுக்கு வாய்ல வெச்சத குடுத்தா, அதுக்கு இன்னா அர்த்தம்?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கேட்டது பொருளின் மதிப்பை இல்லை. இத்தனை வருடம் சமைத்துப் போட்டவளுக்கு அந்த மனிதர் வைத்திருந்த மதிப்பை.

சுங்கான் பார்க்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருமுறை சுண்ணாம்பில் வார்த்த ஒன்றை உசத்தி என்று நம்பி ஏமாந்தேன். அந்த வயிற்றெரிச்சலில் செல்போனில் தேடித் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். உசத்தியான வகைக்கு மீர்ஷாம் என்று பெயர். மண்ணிலிருந்து வெட்டி எடுக்கிற வெள்ளைக் கல், ஆனால் கல் மாதிரி கனக்காது. ஜெர்மன் பேச்சில் அந்தப் பெயருக்குக் கடல் நுரை என்று அர்த்தமாம்.

கையில் எடுத்தேன். தூக்கிவாரிப் போட்டது. அத்தனை லேசு. கண்ணுக்குத் தெரிகிற கனம் கைக்கு வரவில்லை. வார்த்தது என்றால் எங்கேயாவது அச்சு இணைந்த கோடு ஓடும், இதில் இல்லை. கழுகு நகத்துக்கு அடியில் விரல் போகாத சந்திலும் உளி போயிருந்தது. வாயில் வைக்கிற தண்டைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன், மரை தேயாமல் இருந்தது.

ஆனாலும் இரண்டு சந்தேகம் பாக்கி. செதுக்கும்போது விழுகிற தூளைப் பிசைந்து அழுத்தியும் இதே மாதிரி செய்வார்கள், அது மட்டம். இன்னொன்று நிறம். நல்ல மீர்ஷாம் வாங்கும்போது வெள்ளை. புகை குடித்துக் குடித்து வருடக்கணக்கில் உள்ளேயிருந்து பழுக்கும். அவசரக்காரர்கள் வெளியே சாயம் பூசிப் பழுக்கவைத்துவிடுவார்கள். நம் ஊரில் வாயில் வைத்தால் மதிப்பு போகும். இதில் வாயில் வைக்க வைக்கத்தான் மதிப்பு ஏறுகிறது.

மெழுகு ஏறாத இடத்தில் நாக்கை வைத்தால் அசல் என்றால் ஒட்டிப் பிடிக்கும். அது ஒரு சோதனை. நாக்கை நீட்டப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த ஜெர்மன்காரர் எச்சிலும் ஞாபகம் வந்தது. நாக்கு உள்ளே போய்விட்டது.

"இத்த வெச்சிட்டுப் போ, சாயங்காலம் வாம்மா. நல்லாப் பாத்துச் சொல்றேன். அதுவரிக்கும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்காத" என்று அனுப்பினேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் போன் செய்தார், சாப்பிட வருகிறேன் என்று. எனக்கு வாய் சும்மா இருக்குமா? புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பைப்பு என்று சொன்னால் போர்வெல் பைப்பு என்று எடுத்துப்போய் ஆட்டோவில் ஏற்றிவிடுவார். அதனால் யோசித்து, விவரமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, "யோவ், கடல் நுரை வந்துக்கீது. மேஜைமேல வெச்சிக்கிறேன், வந்து பாரு" என்றேன்.



கடைக்குப் பின்னால் அவர் லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறார். கணவாய் மீனின் ஓடு இருக்கிறதே, அதற்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்றுதான் பெயர். கூண்டில் கட்டிவிட்டால் பறவைகள் கொத்திக் கொத்தி அலகு தீட்டிக்கொள்ளும். சரக்கு இல்லை என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார் என்று அவர் புலம்பிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

நான் பக்கத்து டீக்கடையில் ஒரு வாய் பேசிவிட்டுத் திரும்பினால், மேஜைமேல் பெட்டி திறந்து கிடக்கிறது. தண்டு கிடக்கிறது. கழுகுக்கால் இல்லை. பின்னாலிருந்து சந்தோஷமான கீச்சுச் சத்தம்.

ஓடினேன். கூண்டுக் கம்பியில் கட்டுக்கம்பி போட்டு, முட்டையும் நகமுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் விளிம்பில் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தன. கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாமே, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றார் சோற்றுத் தட்டோடு.

"யோவ்! அது பொகை புடிக்கிற சாமான்யா! ஊரான் வூட்டுதுய்யா!"

"நீதான கடல் நுரைன்ன?"

"கணவா ஓட்டுல கழுகுக்கால் செதுக்கிக் குடுப்பானாய்யா?"

"நாய் பிஸ்கட்ட எலும்பு மாதிரி செய்யல? பறவைக் கால், பறவை முட்டை. பறவைக்குத்தான்னு நெனச்சேன்" என்றவர் அப்புறம்தான் பயந்து தட்டைக் கீழே வைத்தார். "பொகையிலையா? ஐயோ, என் புள்ளைங்களுக்கு ஒன்னும் ஆவாதே?"

அவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுங்கானை இறக்கிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு கடலைப்பருப்பு அளவுக்குக் கொறித்திருந்தது. அந்தப் பள்ளத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சாயம் பூசியிருந்தால் மேல்தோலோடு நிறம் வெட்டுக்கோடு போட்ட மாதிரி நின்றிருக்கும். இதில் நிறம் பாலில் விழுந்த டிகாஷன் மாதிரி உள்ளே கரைந்து கரைந்து போயிருந்தது. அதற்கும் உள்ளே தூய வெள்ளையில் மயிரிழை மாதிரி ஒரு ரேகை. தூளைப் பிசைந்ததில் ரேகை வராது. ஒரே கல்லில் வெட்டியது. வருடக்கணக்கில் பழுத்தது. எனக்கு நாக்கு நீட்டத் தைரியம் வராத இடத்தில் லவ்பேர்ட்ஸ் அலகை வைத்துப் பார்த்துவிட்டன. உசத்தி என்று தெரிந்ததும் அதைக் கெடுத்ததும் ஒரே கொத்தில்.

சாயங்காலம் அவள் வந்தாள். நான் பெட்டியை அவள் பக்கம் தள்ளி, திறந்து, விளிம்பைக் காட்டி, காலையில் நாக்கு வைத்துப் பார்க்கத் தயங்கியது முதல் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். அவள் முகம் சிவந்து வந்தது.

"அண்ணே, உன் கையால இனிமே எங்கூட்டு சாமான் எதையும் தொடாத" என்றாள்.

"தொடமாட்டேம்மா" என்றார் அவர்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. குப்பையா?"

"குப்பை இல்லம்மா. அசல்" என்று அந்த ரேகையையும் கரைந்த நிறத்தையும் காட்டினேன். "கடையில புதுசா வாங்கிக் குடுத்திருந்தா வெள்ளை வெளேர்னு இருந்திருக்கும். இந்த நெறம் அவரு ஊதி ஊதி வந்தது. கை அழுக்கு படாம புடிச்சிருக்காரு, சூட்டோட கழட்டாம ஆறவெச்சிருக்காரு. இல்லன்னா இவ்ளோ சீரா பழுக்காது."

"அவரு வாய்ல வெச்சதாலதான் ஒசத்தின்றியா?"

"ஆமா. இப்ப விக்கப் போனா இந்தக் கொத்துனதுக்காக வெலைய நல்லாக் கொறைப்பாங்க. அத நான்—"

"விக்கவா வந்தேன்?" என்று வெடுக்கென்று சொன்னாள். சுங்கானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெனமும் சாப்டு முடிச்சிட்டு இத்தோடதான் பால்கனில ஒக்காருவாரு. இத்த தொடைக்க மட்டும் என்ன வுடமாட்டாரு. நான் தொட்டா ஒடைச்சிடுவேன்னு நெனைக்கிறாருன்னு நெனச்சேன்."

கிண்ணத்தை முகத்தருகே கொண்டுவந்து, "நாக்குல வெச்சா ஒட்டும்னியே, எங்க வெக்கணும்?" என்றாள்.

கொறித்த வெள்ளையைத்தான் விரலால் காட்டினேன். உப்பு பார்த்த கரண்டியைக் குழம்பில் திருப்பிப் போடாத அந்தப் பெண், கழுகு நகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அந்த இடத்தில் நாக்கை வைத்தாள்.

"ஐயோ, பறவை எச்சிம்மா அது!" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

அவள் அவரைச் சட்டை செய்யவில்லை. மெதுவாக நாக்கை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒட்டுது அக்கா" என்றாள்.