பூட்டுக்காரர் மென்ற கேரட்

பூட்டுக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டு மூலையில் மாற்றுச்சாவி வெட்டியவர். எவன் வந்து சாவி கேட்டாலும், வீடு அவனுடையதுதானா என்று நாலு கேள்வி கேட்காமல் அரத்தைக் கையில் எடுக்கமாட்டார். கண் மங்கிக் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு வந்து நாலு மாதம் ஆகிறது. குணம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

மருமகன் பல் ஆஸ்பத்திரியில் செயற்கைப் பல் செய்கிறவர். மாமனாருக்கு முழு செட்டும் அவர் கையால் செய்ததுதான். சொந்தப் பல் தோற்றுப்போகும் மாப்பிள்ளை என்று மாட்டிய அன்றைக்கே இவர் பாராட்டியும் விட்டார்.

ஆனால் ஒரு வாரமாக வீட்டில் ஏதோ சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மருமகன் இவர் வாயையே பார்க்கிறார். உதடு லேசாக அசைகிறது. எண்ணுகிறார்! மகளோ தட்டில் என்ன மிச்சம் என்று எட்டிப் பார்க்கிறாள். பூட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். தின்பதை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், அடுத்து பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். அன்றிலிருந்து அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதில்லை.

திங்கட்கிழமை மருமகன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். மெல்லும்போது தாடை எப்படிப் போகிறது என்று அளக்கிற மிஷின் வந்திருக்கிறதாம். வீட்டில் எண்ணியது போதாதென்று மிஷின் வேறா? மாட்டேன் என்றால் வம்பு என்று போனார்.

தலையில் மூக்குக்கண்ணாடிச் சட்டம் போல ஒன்றை மாட்டினார்கள். கீழ்ப்பல்லின் முன்னால் மிளகளவு காந்தம் ஒட்டினார்கள். காந்தம் போகிற வழியெல்லாம் திரையில் கோடு போகும். கையில் ஒரு கேரட் துண்டு. பூட்டுக்காரர் கொஞ்சமே தின்கிறவர் போல மெதுவாக மென்றார்.

கோடு நீர்த்துளி வடிவில் சுழித்துச் சுழித்து வந்தது. அத்தனை சுழியும் இடது பக்கம். வலது பக்கம் மெல்லச் சொன்னார் மருமகன். ஒரே கடி. கோடு பாதியில் நடுங்கி நின்றது. பூட்டுக்காரர் கண்ணில் நீர் முட்டியது.

"எத்தனை நாளா குத்துது மாமா?"

"குத்துதுன்னு யார் சொன்னா?"

"இதோ, கோடு சொல்லுது. பாதியை மெல்லாமலே முழுங்குறீங்க. அதைத்தான் ஒரு வாரமா எண்ணிக்கிட்டு இருந்தேன்."

பூட்டுக்காரர் திரையை முறைத்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த சாவி ஆயிரம் பார்த்தவர் அவர். அப்படி வந்தால் சாவியைத் தொடமாட்டார், கோளாறு பூட்டில் இருக்கிறது, அதைக் கழற்றிக் கொண்டுவா என்பார்.

"மாட்டின நாள்லேருந்து," என்றார். "நீங்க செஞ்சது. எப்படிச் சொல்றது?"

"அதுக்காகப் பட்டினி கிடந்து என் பேரைக் கெடுக்கப் பாத்தீங்களா?"

பல்லைக் கழற்றிக் கொடுத்தார். மருமகன் அதன் அடியில் குத்துகிற இடத்தை ராவ உட்கார்ந்ததும், தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கொஞ்சமா ராவுங்க மாப்பிள்ளை, எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்று பொக்கை வாயால் நாலு தடவை சொன்னார்.

மத்தியானம் வீட்டில் தட்டை இரண்டாம் முறை நீட்டினார். நீட்டும்போதே மருமகனின் உதடு அசைகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.