மெச்சன்ட் ஐயா வீட்டுப் பூட்டு

பூட்டு மாட்டும் தொழிலில் திருடனைப் பார்ப்பது அபூர்வம். வீட்டுக்காரர்களைத்தான் தினமும் சமாளிக்க வேண்டும். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்த ஜாதிதான்.

பலகை

முதலியார்பேட்டையில் லூர்து ஐயா தனியாக இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'. பூட்டு மாட்டப் போனபோது கேட்டில் பிரெஞ்சில் ஏதோ பலகை. வீட்டுக்காரர் பெயராக்கும் என்று எழுத்துக்கூட்டிப் படித்து, "மெச்சன்ட் ஐயா" என்று கூப்பிட்டபடி உள்ளே போனேன். மெச்சன்ட் ஐயா நாலு கால் பாய்ச்சலில் வந்து என் பேன்ட்டைப் பிடித்தார்.

கடிக்கும் நாய் என்று அதில் எழுதியிருக்கிறதாம். திருடனுக்கும் பிரெஞ்சு தெரியாதே என்றேன். லூர்து ஐயா அசரவில்லை.

"நாம எச்சரிக்கை பண்ணியாச்சி. படிக்காம வந்தா அது அவன் தப்பு."

சிலேட்டு

தவளக்குப்பத்தில் ஒரு அம்மா, இருக்கிற இரண்டு தாழ்ப்பாள் போதாதென்று மூன்றாவது மாட்டச் சொன்னார். போனால் வாசலில் ஒரு சிலேட்டு தொங்குகிறது: 'வெள்ளி வரை ஊரில் இல்லை. சாவி எதிர்வீட்டில்.' எனக்காக எழுதியதாம். போன் போட்டு, இதைத் திருடன் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அவன் போய்க் கேட்டா எதிர்வீட்டுல குடுத்துடுவாங்களா என்ன?"

பத்து நிமிஷம்

லூர்து ஐயாவுக்கு நான் மாட்டியது என் கடையிலேயே கெட்டியான, உள்ளேயிருந்தும் பூட்டிக்கொள்ளும் கதவுப் பூட்டு. யாராலும் உடைக்க முடியாது என்று பெருமையாகச் சொல்லி, கேட்டில் என் போன் நம்பர் ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஒருநாள் காலை மீன் விற்கும் அஞ்சலை அக்கா அந்த நம்பருக்குப் போன் செய்தார். தினமும் அவர் குரல் கேட்டதும் ஐயா கேட்டுக்கு வந்து பிரெஞ்சு வணக்கமாக 'போன்ழூர்' சொல்லிவிட்டு, நேற்றைய மீன்தானே என்று சண்டை பிடிப்பாராம். அன்றைக்குச் சத்தமே இல்லை. பேப்பரும் கேட்டிலேயே கிடக்கிறது. தூங்குவார், போம்மா என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார்.

நான் ஓடினேன். நாயை அக்கா இரண்டு மத்தி போட்டுப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து மெல்லிசாக முனகல் கேட்டது. நான் மாட்டிய பூட்டை நானே திட்டித் திட்டி, பத்து நிமிஷத்தில் உடைத்தேன். ஐயா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அக்கா அவர் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இடுப்புக் கட்டோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்கே பத்து நிமிஷம்னா, திருடனுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

அது எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அந்த வீட்டு இரண்டாவது சாவி அஞ்சலை அக்காவின் சுருக்குப்பையில் இருக்கிறது, அதை எடுக்க எந்தத் திருடனுக்கும் ஆயுசு போதாது.