ஆல்ட்டோ கேட்கிறதா?

எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்க வேண்டும் என்று நான் சொன்னதும் வள்ளியூரில் இருக்கிற மகள் போனிலேயே சிரித்துவிட்டாள். டிவி சத்தத்தைக் குறை, குறை என்று ஆயுசெல்லாம் கத்திய அம்மாவா இது என்று கேட்டாள். ஆமாம், நானேதான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு நடத்தியவள். இரைச்சல் கேட்டால் இன்றைக்கும் என் கை பிரம்பைத் தேடும். எதற்காக வாங்குகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே அப்பாவிடம் போய் உளறிவிடுவாள்.

எல்லாம் அந்த அப்பாவுக்காகத்தான். ஒரு ஞாயிறு மதியம் மகளும் மருமகனும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்து ஒரு சிரிப்புப் படம் பார்த்தோம். நாங்கள் சிரித்தபோது என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் ஒரு நொடி கழித்துச் சிரித்தார். அடுத்த சிரிப்புக்கும் அப்படியே. நான் படத்தை விட்டுவிட்டு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மனிதர் திரையையே பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வாய் திறந்தால் அவரும் வாய் திறந்தார்.

எல்லோரும் போன பிறகு, காது சரியாகக் கேட்கவில்லையா, டாக்டரிடம் போவோமா என்று கேட்டேன். அவ்வளவுதான். கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கோப்பில் குற்றம் சொன்னால்கூடப் பொறுப்பார், உடம்பில் குற்றம் சொன்னால் பொறுக்கமாட்டார். தன் காதுக்கு ஒன்றுமில்லை, இந்தக் காலத்து டிவியில் ஒருத்தனும் ஒழுங்காகப் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். குற்றம் டிவி மேல்தான் என்றால் டிவி சத்தத்தை மாற்றிவிடுவோம், கிளம்புங்கள் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இந்த இடத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் பாடுகிறோம். நான் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். அவர் பேஸ், ஆண்களில் அடிக்குரல்; எனக்கு நேர் பின்னால் நிற்பார். ஆல்ட்டோ பாடுகிறவளின் விதி என்னவென்றால், சபையில் ஒருத்தர் காதிலும் அவள் குரல் விழாது. எல்லோரும் மேலே பாடுகிற சொப்ரானோவைத்தான் கேட்பார்கள். என் குரலைக் கேட்ட ஒரே ஆள் இவர்தான். அதுவும் குறை சொல்வதற்கு. ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைக்கும்போது, மூன்றாம் சரணத்தில் உனக்குச் சுருதி இறங்கிவிட்டது என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு தடவை மீன் குழம்புச் சட்டியைத் திரும்ப அடுக்களைக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கடந்த மூன்று வருடமாக அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அறுபது வயதில் ஒருவழியாகப் பாடக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். போன வருடம் அவர் தொண்டை சரியில்லை என்று சொல்லி, கிறிஸ்துமஸ் ஒத்திகைப் பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிடச் சொன்னார். அதையும் நான் நம்பினேன்.

வண்ணார்பேட்டையில் பஸ் இரைச்சலைத் தாண்டி ஒரு பெரிய கடை. கடை அண்ணாச்சி குலசை கோவில் தசராவுக்கு மாலை போட்டு விரதத்தில் இருந்தார். சிவப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறையக் குங்குமம். எங்களை உள்ளே ஒரு குளிர் அறையில் உட்காரவைத்து முதல் செட்டைப் போட்டார். ஹெலிகாப்டர் ஒன்று என் இடது காதில் நுழைந்து வலது காது வழியாகப் போனது. கட்டடம் வெடித்தது. நாற்காலி அதிர்ந்தது. எப்படி என்று அண்ணாச்சி கேட்டார். நல்லாருக்கு என்றார் இவர். இரண்டாவதாக டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஒற்றைப் பட்டை ஸ்பீக்கர். அதற்கும் நல்லாருக்கு. அதில் கதாநாயகன் ஏதோ வசனம் பேசினான். என்ன சொன்னான் என்று நான் கேட்டேன்.

"அதான், நல்லாச் சொன்னான்லா," என்றார்.

பள்ளியில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விடை தெரியாத பிள்ளைதான் சீக்கிரம் தலையாட்டும். வெடிச்சத்தத்தை வைத்து இவரைப் பரீட்சை பண்ண முடியாது என்று தெரிந்துதான் கைப்பையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோயிருந்தேன். நாலு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகை. மகள் தன் போனை ஆல்ட்டோ வரிசைக்கு முன்னால் பெஞ்சில் வைத்துப் பதிவு பண்ணியது. அதை அண்ணாச்சியிடம் கொடுத்து, இதைப் போட்டுக் காட்டுங்கள், இதில் ஆல்ட்டோ கேட்கிற செட்டைத்தான் வாங்குவோம் என்றேன். ஹோம் தியேட்டர் வாங்க வந்தவர்களில் இப்படிக் கேட்ட ஆளை அவர் பார்த்ததில்லை. ஆல்ட்டோ என்றால் என்னவென்று விசாரித்தார். உச்சக் குரலுக்கு அடுத்து, யார் காதிலும் படாமல் பாடுகிற குரல் என்றேன். சரி டீச்சர், தேடிப் பிடிச்சிருவோம் என்று சிவப்பு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் செட்டில் எல்லாமே தேரோட்டக் கூட்டத்துக்குள் நின்று பாடியது மாதிரி இருந்தது. பட்டையில் சொப்ரானோ மட்டும் கீச்சென்று வந்தது. இரண்டுக்கும் இவர் நல்லாருக்கு என்றார். மூன்றாவது ஒரு சாதாரண ஐந்து பெட்டி செட். பார்க்க அழகே இல்லை. அதில் நடுப்பெட்டி பேச்சுக்கென்றே உள்ளது, அதை மட்டும் தனியாக ஏற்றலாம் என்றார் அண்ணாச்சி. அதிர்கிற பெரிய பெட்டியை அடக்கிவிட்டு, நடுப்பெட்டியைப் பையப் பைய ஏற்றினார்.

இவர் கண்ணை மூடினார். முழங்காலில் விரல் தாளம் போட ஆரம்பித்தது. நல்லாருக்கு என்று சொல்லவில்லை. முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. மூன்றாம் சரணத்தில் கையைத் தூக்கி, நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் போடச் சொன்னார். கேட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஏளா, இங்கன நீ சுருதி எறங்கிட்டே."

பாவம், அண்ணாச்சிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எனக்கோ கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது.

"மூணு வருசமா நீங்க என்னைய ஒரு கொறையும் சொல்லல," என்றேன். "நான் நல்லாப் பாடுதேன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

அவர் நடுப்பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் குரலே எனக்குக் கேக்கல," என்றார். "சொல்ல வெக்கமா இருந்துச்சி."

பின்னே எப்படித்தான் பாடினீர்கள் என்று கேட்டேன். நான் மூச்சு எடுக்கும்போது என் தோள் ஏறுமாம். பின்னால் நின்று அதைப் பார்த்துத் தன் இடத்தில் சேர்ந்துகொள்வாராம். இரண்டு வருடத்துக்கு மேல் என் முதுகைப் பார்த்தே பாடியிருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்குக் குழுவுக்குப் புது அங்கி தைத்தார்கள். தொளதொளவென்ற அந்த அங்கியில் தோள் தெரியவில்லையாம். அதனால்தான் தொண்டை சரியில்லாமல் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணாச்சி வெளியே போய் இரண்டு டம்ளர் தேநீர் வாங்கி வந்தார்.

பெட்டிகள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அவராகவே காது டாக்டரிடம் போகலாம் என்றார். இரண்டு காதுக்கும் சின்னதாக மிஷின் வந்தது. அப்படியானால் ஹோம் தியேட்டர் எதற்கு, வீண்தானே என்று மருமகன் கேட்டார். அந்தக் குளிர் அறையில் உட்காராமல் இந்த மனிதர் டாக்டர் வீட்டுப் படி ஏறியிருக்கமாட்டார் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது.

எங்கள் வீட்டில் புதுப் பொருள் எது வந்தாலும் சபை ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், வந்து ஜெபம் பண்ணினால்தான் சுவிட்சைப் போடுவோம். பிரிட்ஜுக்கும் ஸ்கூட்டருக்கும் பண்ணியிருக்கிறோம். ஹோம் தியேட்டருக்கு என்ன சொல்லி ஜெபிப்பார் என்று எனக்கே ஆசையாக இருந்தது. இந்தக் கருவி நன்மைக்கு ஏதுவாக இருக்கட்டும், அண்டை வீட்டாருக்கு இடறலாக வேண்டாம் என்று முடித்துவிட்டு, ரிமோட்டை அவரே ஆசையாக வாங்கிப் பார்த்தார். ஐயர் கேட்டுக்கொண்டதால் முதலில் அந்தக் கேரல் ஒத்திகையைப் போட்டோம். மூன்றாம் சரணம் வந்ததும் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து ஒத்திகைக்கு வருவதாக ஐயரிடம் சொன்னார்.

அந்த ஞாயிறு மகள் குடும்பம் வந்தது. அதே சிரிப்புப் படத்தைத்தான் போடச் சொன்னேன். அவருடைய நாற்காலியை நடுப்பெட்டிக்கு நேராகப் போட்டேன். படம் ஓடியது. நாங்கள் ஒருத்தரும் சிரிப்பதற்கு முன்னால், வசனம் முடியும் முன்பே, அவர் தொடையைத் தட்டி வெடித்துச் சிரித்தார். மகளும் மருமகனும் பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் சிரித்தார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எத்தனையோ தடவை பார்த்த படம்தான் என்றாலும் வசனம் என் காதில் விழவில்லை; நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் குனிந்து வசனத்தைத் திருப்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன்.