ஏலத்துக்குக் கிளம்பிய படப்பெட்டி

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாசத்துல ஒரு நாள், என் ரெண்டு வருஷ உழைப்பு ஒரு லாரியில ஏறி, எனக்குத் தெரியாமலே கொச்சிக்குக் கிளம்பிருச்சு. மறுநாள் காலையில நான் போக்கத்து நின்னேன். அதுல இருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கிவிட்டார்னு சொல்லத்தான் சபையார் முன்னால நிக்கிறேன்.

டீப்பெட்டிக்கு ஆணி அடிக்கச் சொன்னா நாள் பூரா அடிப்பேன். நின்னு பேசுன்னா எனக்கு வராது. என் வீட்டுக்காரி ஞானம் பொம்பளைங்க வரிசையில இருந்து முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கா. "நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க, கண்ணு காது மூக்கு வைக்காதீங்க"ன்னு வீட்டிலேயே சொல்லித்தான் கூட்டிட்டு வந்தா. முன்வரிசையில நம்ம சபை மூப்பர் ஐயா இருக்காங்க. அவங்களைப் பத்தியும் சொல்ல வேண்டியிருக்கு. ஐயா கோவிச்சுக்கக் கூடாது.

என் பேரு தேவராஜ். வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் ஃபேக்டரியில பேக்கிங் ரூம் வேலை. தேயிலைத் தூளைப் பெட்டியில நிரப்பி, நிறுத்து, மூடி, ஆணி அடிச்சு, மேல நம்பர் போட்டு லாரிக்கு அனுப்பணும். சங்கு ஊதுனா உள்ள, சங்கு ஊதுனா வெளிய. அந்த வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல, இன்னைக்கும் அதுதான் சோறு போடுது. ஆனா மனசெல்லாம் பாட்டும் படமும்தான். சின்னதுல இருந்தே புல்புல்தாரா வாசிப்பேன், சொந்தமாப் பாட்டுக் கட்டுவேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஞானம் பாடக் கேட்டேனா, பைத்தியம் முத்திப்போச்சு.

அதுக்கு ஏத்த மாதிரி கையில ஒரு கேமராவும் வந்து சேர்ந்துச்சு. என் மாமனார் எஸ்டேட் பங்களாவுல சமையல்காரர். சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை, சாவி கொடுத்து ஓட்டுற சின்னக் கேமராவையும் ஒரு பெட்டி பிலிம் சுருளையும் அவர்கிட்ட விட்டுட்டுப் போயிட்டார். "மாப்ள, இந்தக் கிறுக்குக்கு நீங்கதான் சரியான ஆளு"ன்னு மாமனார் தூக்கி என் கையில தந்துட்டார். ஒரு சுருள் ஓடி முடிய நாலு நிமிஷம். எடுத்ததைத் தபால்ல பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்கணும். அந்த பிலிம்ல நெகட்டிவ் கிடையாது. எடுத்த சுருளேதான் படம். அது போனா போச்சு, மறு பிரதி கிடையாது.

கதை ரொம்பச் சின்னது. மலை மேல கொழுந்து எடுக்கிற ஒரு பொம்பளைக்கு, கீழ லயத்து வீட்டுல பிள்ளை அழுகிற மாதிரி கேக்குது. கூடையை இறக்கி வச்சிட்டு ஓடி வரா. வழி பூரா பாடிக்கிட்டே வரா. வந்து பார்த்தா பிள்ளை சிரிச்சுக்கிட்டு விளையாடுது. அவ்வளவுதான். ஞானம்தான் அந்தப் பொம்பளை. எங்க மக மெர்சிதான் பிள்ளை.

எனக்கு லீவு ஞாயித்துக்கிழமை மட்டும். ஆராதனை முடிஞ்ச கையோட கேமராவைத் தூக்கிட்டு ஓடுவேன். ஓடுனா என்ன, மலையில கால் வைக்கவும் மழை வந்துரும். மழை இல்லாத அன்னைக்கு மூடுபனி. எனக்கு முன்கோபம்னு எங்க லயத்துக்கே தெரியும். வானத்தை அண்ணாந்து பார்த்துக் கத்துவேன். "இந்தப் பாழாப்போன மழை என் ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கத்தான் பெய்யுது"ன்னு ஏசுவேன். ஞானம் நனைஞ்சபடியே நின்னு, "ஏசி முடிச்சாச்சா? சாவி கொடுங்க, நான் நடக்கேன்"னு சொல்லுவா. மழையிலேயே நடப்பா. அப்படியே ரெண்டு வருஷம் எடுத்தோம்.

இதுக்கு நடுவுல மூப்பர் ஐயா ஒரு நாள் என்னை நிறுத்தி, "தேவராஜ், ஓய்வு நாள்ல சினிமா பிடிக்கியாமே, அது பிசாசோட கூடாரம்பா"ன்னு சொல்லிட்டாங்க. வெளிய நான் சிரிச்சு மழுப்பினேன். உள்ளுக்குள்ள அது முள்ளாத் தைச்சிருச்சு. ஜெபக் கூட்டத்துல ஊரார் காய்ச்சலுக்கு ஜெபிப்பேன், பக்கத்து வீட்டு மாட்டுக்குக்கூட ஜெபிச்சிருக்கேன். என் படத்துக்காக ஒரு வார்த்தை கேட்டதில்ல. சினிமாவைத் தூக்கிக்கிட்டு ஆண்டவர் முன்னால எந்த மூஞ்சியோட போறதுன்னு வெக்கம்.

இப்ப பெட்டி விஷயத்துக்கு வரேன். மழைக்காலத்துல நம்ம லயத்துல செருப்புக்கே பூசணம் பூத்துரும். ஒரு நாள் சுருளை எடுத்துப் பார்த்தா ஓரத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. பதறிப்போயிட்டேன். எஸ்டேட்லயே ஈரம் ஏறாத இடம் எதுன்னா எங்க பேக்கிங் ரூம்தான். டீமேக்கர் சார்கிட்ட, அதாவது எங்க ஃபேக்டரிக்குத் தலைமை, அவர்கிட்ட ஒரு வாரம் கெஞ்சினேன். "ஓரமா வச்சுக்கோ, என் கண்ணுல படாம"ன்னார். உள்ள ஈயத்தாள் ஒட்டின டீப்பெட்டி ஒண்ணுல சுருளை அடுக்கி, சுத்தியும் காஞ்ச தூளைப் போட்டு ரொப்பினேன். காத்துப் புகக் கூடாதேன்னு மூடி போட்டு ஆணியும் அடிச்சேன். அங்கதான் வினை.

எங்க பேக்கிங் ரூம்ல ஒரு வழக்கம் உண்டு. ஆணி அடிச்ச பெட்டின்னா நிறுத்தாச்சுன்னு அர்த்தம். அதை யாரும் மறுபடி தராசுல ஏத்த மாட்டாங்க, திறந்தும் பார்க்க மாட்டாங்க.

பாட்டைப் பதிவு பண்ண நானும் ஞானமும் ஒரு நாள் லீவு போட்டுட்டுக் கம்பத்துக்குப் போனோம். அங்க சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கிற ராசுன்னு ஒரு சிநேகிதன். அவன்கிட்ட டேப் ரிக்கார்டர் இருந்துச்சு. ஞானம் பாடினா, நான் வாசிச்சேன். திருப்பிப் போட்டுக் கேட்டப்ப ஞானம், "இது நானா?"ன்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. ராத்திரி திரும்புற வழி பூரா பஸ்ஸுல டேப்பை மடியில வச்சுக்கிட்டே வந்தேன்.

காலையில வேலைக்குப் போனேன். மூலை காலி. பெட்டியக் காணோம்.

எனக்குப் பதிலா நின்ன செல்லையா நல்ல மனுஷன். "அண்ணாச்சி, கொச்சி ஏலத்துக்குப் போற லாட்டுல ஒரு பெட்டி குறைஞ்சுது. மூலையில ஆணி அடிச்ச பெட்டி நின்னுச்சு. நம்பர் போட்டு ஏத்திட்டேன். சாயங்காலமே லாரி போயிருச்சே"ன்னான், பாராட்டை எதிர்பார்க்கிற மாதிரி. அவனை அடிக்கக் கையை ஓங்கிட்டேன். அவன் மேல என்ன தப்பு? என் கையை நானே புடிச்சுக்கிட்டேன்.

கொச்சியில கிடங்குக்குப் போனா பெட்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவன் எந்தச் சீமைக்கு அனுப்புவானோ, யாருக்குத் தெரியும். ஆயிரம் பெட்டிக்கு நடுவுல என் ஒரு பெட்டியை எவன் தேடுவான்? போன் பண்ணலாம்னா மழையில லைன் அறுந்து கிடக்கு. டீமேக்கர் சாருக்குச் சேதி போச்சு. முகம் செக்கச் செவேல்னு ஆயிருச்சு. "டீக்குப் பதில் பிலிம் போனா எஸ்டேட் பேரு போச்சு. இடம் கொடுத்த பாவத்துக்கு என் வேலையும் போகும், அதுக்கு முன்னால உன் வேலை போகும்!"னு சத்தம் போட்டார்.

பெட்டிகளுக்குப் பின்னால போய் உக்காந்துட்டேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கு. மெர்சி அந்தப் படத்துல தவழ்ந்துக்கிட்டு இருந்தா, இப்ப ஓடுறா. மறுபடி எடுக்கலாம்னா அந்தப் பிள்ளைய எங்க போய்த் தேட? பிலிமும் தீர்ந்துபோச்சு. அப்பத்தான் முதல் தடவையா அந்தப் படத்துக்காக வாயைத் திறந்தேன். "ஆண்டவரே, இது உமக்குப் பிடிக்காத காரியம்னா போகட்டும், நான் இனிமே கேமராவைத் தொடல. பிடிக்கும்னா அந்த லாரியை எங்கயாவது நிறுத்தி வையும்." அழகா ஜெபிக்க எனக்கு வரல. அவ்வளவுதான் சொன்னேன்.

எழுந்திருச்சா எதிர்ல டீமேக்கர் சார் நிக்கார். கோவம் இறங்கியிருந்துச்சு. "வெறுங்கையோட போகாத. அங்க எண்ணிக்கை குறையக் கூடாது. நல்ல பெட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போய் மாத்திட்டு வா"ன்னார். அந்த லாட்டு நம்பர் போட்ட ஒரு பெட்டியையும் லாரிக்காரருக்கு ஒரு சீட்டையும் தந்தார். திட்டின வாயாலேயே வழியும் சொன்னார் பாருங்க, அதை நான் மறக்க மாட்டேன்.

நிறை பெட்டி, ஆள் கனம். ஞானம் சேதி கேட்டுக் கொழுந்துக் காட்டுல இருந்து ஓடி வந்து, அவ மழைக்குப் போர்த்துற பிளாஸ்டிக் தாளை அவுத்துப் பெட்டியில சுத்திக் கட்டினா. அவ நனைஞ்சுக்கிட்டே நின்னா. "மெர்சியப்பா, பயப்படாம போங்க. நான் இங்க ஜெபத்துல இருந்து முழங்காலை எடுக்க மாட்டேன்"னா. கொச்சிக்குப் போகக் கோட்டயம் பஸ்ஸுல ஏறினேன். கூரையில ஏத்தச் சொன்ன கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு, பெட்டியை உள்ளேயே வச்சேன்.

பீர்மேடு தாண்டி, குட்டிக்கானம் தாண்டிக் கொஞ்ச தூரத்துல பஸ் நின்னுருச்சு. முன்னால வரிசையா வண்டி. என்னான்னு எட்டிப் பார்த்தா, முந்தின நாள் ராத்திரி மழையில ஒரு பெரிய மரம் வேரோட சரிஞ்சு ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கு. வெட்டிக்கிட்டு இருக்காங்க. எல்லாரும் மழையை ஏசுறாங்க. எங்க லாரியும் இதுல மாட்டியிருக்குமோன்னு தோணுச்சு. பெட்டியைத் தலையில தூக்கிட்டு இறங்கினேன். ஒவ்வொரு வண்டியாப் பார்த்துக்கிட்டே மழையில நடந்தேன்.

மரத்துக்கு இந்தப் பக்கம், வரிசையில முதல் வண்டி. எங்க எஸ்டேட் லாரி.

டிரைவர் குட்டப்பன் சேட்டன் ஸ்டியரிங்கில தலை சாய்ச்சுத் தூங்கிக்கிட்டு இருந்தார். தட்டி எழுப்பினேன். "எந்தா தேவராஜே, தலையில பெட்டியோட? நீ வட்டனா?"ன்னார். வட்டன்னா பைத்தியக்காரன். ஆமா சேட்டா, வட்டன்தான்னு நடுரோட்டுல முழங்கால் போட்டுட்டேன். அவர் கதையைக் கேட்டுட்டு மெதுவா, "என் கண்ணு முன்னாலதான் மரம் விழுந்தது. அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருந்தா நான் முண்டக்கயம் இறங்கியிருப்பேன்"னார்.

எனக்காகவே மரம் விழுந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வரிசையில ஒரு கல்யாண வண்டியும் நின்னுச்சு, பொண்ணு அழுதுக்கிட்டிருந்தா. அவங்க கணக்கு ஆண்டவருக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நான் கேட்டேன், லாரி நின்னுச்சு. அதுவும் எப்படி? நான் கேக்கிறதுக்கு முந்தின ராத்திரியே நின்னுருச்சு.

கடைசியா ஏத்தின பெட்டிங்கிறதால பின்னாலேயே இருந்துச்சு. தார்ப்பாய் கிழிஞ்சு, ராத்திரி பெஞ்ச மழை பூரா அது மேலதான். பலகை ஊறி உப்பியிருந்துச்சு. ஆணியைப் பிடுங்கினேன். ஈயத்தாளை விலக்கித் தூளைத் தோண்டினேன். சுருள் எல்லாம் காஞ்சது காஞ்சபடி இருந்துச்சு, ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. சேட்டன் சிலுவை போட்டுக்கிட்டார். அதுவரைக்கும் அவரும் விசுவாசின்னு எனக்குத் தெரியாது. நான் கொண்டுபோன பெட்டியை அந்த இடத்துல ஏத்திவிட்டு, என் பெட்டியோட திரும்பினேன்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு, எஸ்டேட் பள்ளிக்கூடச் சுவத்துல வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டினோம். புரொஜக்டர் ராசு கொண்டு வந்தான். படத்தையும் டேப்பையும் ஒண்ணா ஓட விட்டோம். பாட்டு கொஞ்சம் முந்திப் போச்சு, ஞானம் கொஞ்சம் பிந்தி வந்தா, யாரும் கண்டுக்கல. நம்ம லயத்துப் பொம்பளைங்க அவங்க நிக்கிற மலையை முதல் தடவையாத் திரையில பார்த்தாங்க. "ஏ, நம்ம பத்தாம் நம்பர் காடு!"ன்னு ஒரே கூச்சல். படம் பூரா மழை. நான் ஏசின அதே மழை. அந்த மழைக்குள்ள ஒரு தாய் ஓடி வர்றதைப் பார்த்து அவ்வளவு பேரும் அழுதாங்க. வெயில்ல எடுத்திருந்தா அழுதிருப்பாங்களான்னு தெரியல. மூப்பர் ஐயா படம் ஆரம்பிக்கும்போது வெளிய குடையோட நின்னாங்க. முடியும்போது பார்த்தா உள்ள பெஞ்சு மேல ஏறி நின்னாங்க. ஐயா சிரிக்காங்க, பாருங்க.

அன்னைக்கு ராத்திரி ஞானம் சொன்னா: "ரெண்டு வருஷமா மழையை நிறுத்தும், நிறுத்தும்னீங்க. அவர் நிறுத்தியிருந்தா லாரி நின்னுருக்குமா?" அதுக்கப்புறம் நான் வானத்தைப் பார்த்து ஏசுறதில்ல. பழக்க தோஷத்துல வாய் வந்தாலும் மெர்சி கையைப் பிடிச்சு இழுத்துருவா.

அன்பானவங்களே, ஆண்டவர்கிட்ட கேக்க வெக்கப்பட்டு நீங்க எதையாவது மூடி வச்சிருக்கீங்களா? பாட்டா இருக்கலாம், படிப்பா இருக்கலாம், வெளிய சொன்னா நாலு பேர் சிரிக்கிற ஒரு ஆசையா இருக்கலாம். அதையே எடுத்துட்டு அவர்கிட்ட போங்க. பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லுவார், சிரிக்க மாட்டார். நான் போய்ப் பார்த்தவன், அதனால சொல்றேன்.

இப்ப காசு சேர்த்துப் புது பிலிம் வாங்கி, ரெண்டாவது படம் ஆரம்பிச்சிருக்கேன். பகல்ல அதே பேக்கிங் ரூம், அதே சங்கு. டீமேக்கர் சார் அதே மூலையை மறுபடி தந்திருக்கார். பெட்டியும் வச்சாச்சு, ஈயத்தாளும் தூளும் போட்டாச்சு, மேல ஒரு கயிறு கட்டியிருக்கேன். ஆணி மட்டும் அடிக்கல.